நாலரை முதல் அஞ்சரை வரை

3.3.69, திங்கள்

வெயில் எட்டு மணிக்கே சுள்ளுனு. கிணத்துல தண்ணி இன்னும் ரெண்டு முழம் கீழ போயிருக்கு. கயிறு பத்தல. பழைய சேலையைக் கிழிச்சு முடிஞ்சு எறக்கினேன்.

நாளன்னிக்கு மாசக் கூட்டம். மிஷன் சம்பளத்துல ஊரூரா போற பைபிளம்மாமாருங்க நாங்க ஆறு பேரும் ரிப்போர்ட் நோட்டு கொண்டுபோகணும். பிப்ரவரி முழுக்க எழுதாம வச்சிருந்தேன். சோறு கொதிக்கிற நேரத்துல உக்காந்து எழுதினேன். போன ஊரு, பாத்த வூடுங்க, நோயாளிங்க, பாட்டு சொல்லிக் குடுத்தது, எல்லாம் ஞாபகத்துலருந்து, ஒழுங்காவே. கடைசிக் கட்டம்: "தனி ஜெபம் – நேரம்". முதல் வரியில 4.30 – 5.30. கீழ இருபத்தேழு தரம் மேற்படி. மேற்படின்னு முழுசா எழுதக்கூட பொறுமை இல்ல, ரெண்டு ரெண்டு புள்ளியா வச்சுக்கிட்டே வந்தேன். சோறு பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சு.

பிப்ரவரியில ஒரு நாள்கூட இல்ல. ஜனவரியில மூணு நாள். அதுல ஒரு நாள் முட்டி போட்டபடியே தூங்கிட்டேன்.

இந்த நோட்டு எனக்கு மட்டும். இதுலயாவது பொய் வேண்டாம்.

போன ஜூன்ல புது சூப்பரிண்டெண்ட் அம்மா வந்தாங்க (இனிமே சூ.அம்மா, அவ்வளவு நீளம் எழுதி மாளல). திருநெல்வேலிப் பக்கத்துக்காரங்க. நல்லவங்கதான், சும்மா சொல்லக்கூடாது. அவங்கதான் இந்தக் கட்டத்தைப் போட்டாங்க. மொதப் பத்து நாள் நெஜமாவே எழுந்தேன். அப்புறம் வூட்டுக்காரருக்கு இழுப்பு அதிகமாச்சு. விடியக்காலம்தான் இழுக்கும். வெந்நி வைக்கணும், முதுகு தேய்க்கணும். அன்னிக்கு ஒரு நாள் மட்டும்னு, ஜெபிக்காமலே ஜெபிச்ச மாதிரி எழுதினேன். மறுநாளும். அப்படியே ஓடிடுச்சு எட்டு மாசம்.

இன்னிக்கு:
ஆஸ்டல் புள்ளைங்களுக்கு எண்ணெ வச்சு பேன் பாத்தது – 31 தலை
அதியமான்கோட்டை போய் வந்தது, ஏழு வூடு
பிரசவம் ஆன பொண்ணுக்குக் கஞ்சி
வூட்டுக்காரர் மாத்திரை
மகளுக்குக் கடுதாசி (பாதி)
அடுத்தவங்களுக்கு ஜெபம் – ஆறு

அந்த ஆறுல ஒண்ணு எருமைக்கு. பால் சுரக்கலையாம். "பைபிளம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க"ன்னு கொம்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. கண்ணை மூடி நல்லா நீட்டிச் சொன்னேன். வாய் பாட்டுக்கு ஓடுது. உள்ள என்ன நெனச்சேன்னா, உளுந்து ஊறப் போடலையே.

4.3.69, செவ்வாய்

சாராக்கா வந்தாங்க, பாலக்கோட்டுலருந்து பத்து மணி பஸ்ல. மடி நிறைய புளி. கொட்டை எடுக்காத புளி. "நீயே எடுத்துக்க, எனக்கு வெரலு நோவுது"ன்னாங்க. அதுக்கு எனக்கு நேரம் எங்க கெடக்குது?

சாராக்காவுக்குப் படிக்க வரும், எழுதறது கஷ்டம். கையெழுத்து போடுவாங்க, அவ்வளவுதான். அதனால அவங்க ரிப்போர்ட்டை மாசாமாசம் நான்தான் எழுதறேன். அவங்க தரையில காலை நீட்டி உக்காந்து சொல்லுவாங்க. வலது காலுல ஆணி. அதோட பாலக்கோட்டுப் பக்கம் நாலு ஊரு நடக்கறாங்க. பதினெட்டு வருஷமா.

எல்லாம் எழுதிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். போன மாசம் வரைக்கும் அதைக் கேக்காம காலியா வுட்டுடுவேன். ஒரு காலிக் கட்டத்தை யாரு பாக்கப்போறாங்கன்னு. ஆனா ஜனவரி நோட்டுல சூ.அம்மா செவப்பு மையில "இது ஏன் காலி?"ன்னு எழுதியிருக்காங்க. கேட்டேன்.

"அக்கா, தனி ஜெபம் என்ன போட?"

"இல்லன்னு போடு."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்தான். பண்ணலையே."

"ஒரு அரை மணின்னு போட்டுக்கலாங்கக்கா. யாருக்குத் தெரியப்போவுது."

என்னைப் பாத்தாங்க. கோபமெல்லாம் இல்ல. வேடிக்கையாப் பாத்தாங்க. "எதுக்கு எஸ்தரு? பண்ணாததைப் பண்ணேன்னு சொல்றதுக்கா இத்தனை தூரம் பஸ்ல வந்தேன்?" அப்புறம் தெலுங்குல என்னமோ முணுமுணுத்துக்கிட்டு காலைத் தேய்ச்சுக்கிட்டாங்க.

எழுதினேன். இல்லை. இல்லை. இல்லை. இருபத்தெட்டு. என் பேனாதான். பக்கத்துலயே என் நோட்டு, நேத்து எழுதின நாலரையோட.

நான் அவங்களுக்காவது அரை மணி போட்டிருக்கணும். இல்ல எனக்காவது இல்லைன்னு போட்டிருக்கணும். ரெண்டும் செய்யல.

5.3.69, புதன்

கூட்டம் சூ.அம்மா பங்களா வராந்தாவுல. பன்னு, டீ. ஃபேன் இல்ல. ஆறு பேரும் விசிறிக்கிட்டு.

சூ.அம்மா நோட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்தாங்க. என் நோட்டைத் தூக்கிக் காட்டினாங்க. "பாருங்கம்மா. உடம்பு முடியாத புருஷன், ஆஸ்டல் வேலை, ஊழியம். இத்தனைக்கும் நடுவுல தெனம் ஒரு மணி நேரம். ஒரு நாள் தப்பல. எஸ்தரால முடியுதுன்னா நம்மால ஏன் முடியாது?" எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் பன்னைப் பிச்சுக்கிட்டே இருந்தேன். மூஞ்சி சிவந்துச்சு. அதைக்கூட அடக்கம்னு எடுத்திருப்பாங்க.

அப்புறம் சாராக்கா நோட்டு. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"என்னம்மா சாரா, ஒரு நாள்கூடவா இல்ல?"

"இல்லீங்கம்மா."

"வேலை அதிகமா?"

"வேலையும் இருக்குதுங்க. ஆனா வேலை இல்லாதப்பவும் பண்ணலீங்க."

சூ.அம்மா அவங்களைக் காப்பாத்தத்தான் பாத்தாங்க, பாவம். "நாலு ஊர் நடக்குதீங்களே. நடக்கையில மனசுக்குள்ள ஆண்டவரோட பேசிக்கிட்டுத்தானே போவீங்க? அதுவும் ஜெபந்தான். அதைச் சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன்."

"நடக்கையில காலு நோவுதேன்னு நெனைப்பேங்கம்மா. அதைத்தான் நெனைப்பேன்."

யாரோ சிரிச்சாங்க. சூ.அம்மா சிரிக்கல. மத்த நாலு பேரும் சட்டுனு தலை குனிஞ்சாங்க. அவங்க நோட்டுலயும் அழகா மணி போட்டிருக்கு. யாரும் யாரையும் பாக்கல.

முடிஞ்சதும் என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. 22ந் தேதி, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலப் பெண்கள் கூடுகை. மூணு சேகரத்துச் சபைங்கள்லருந்தும் வருவாங்க. பேச வேண்டியது நான். தலைப்பு: வேலைகளின் நடுவே தேவனுக்கு நேரம்.

மாட்டேன்னு சொல்ல வாயெடுத்தேன். "சரிங்கம்மா"ன்னு வந்துச்சு. இந்த வாயை என்ன செய்யறது.

8.3.69, சனி

இனிமேவாவது நெஜமாக்கிடலாம்னு முடிவு. பேச்சுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அதுக்குள்ள பழகிட்டா, எழுதினது பொய்யா இருந்தாலும் பேசறது பொய்யா இருக்காது.

ஓடாம கெடந்த அலாரத்தை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பாய் கடையில நேத்து குடுத்து சரி பண்ணேன். "நாலரைக்கா வைக்கறீங்க? எந்த ஊருக்கும்மா?"ன்னு கேட்டாரு. ஜெபத்துக்குன்னேன். "நல்லதும்மா. எங்க வூட்லயும் அதுக்கு எழுப்பறதுக்குள்ள தொண்டைத் தண்ணி வத்திப்போவுது"ன்னாரு.

இன்னிக்கு நாலரைக்கு அடிச்சுது. எழுந்தேன். மூஞ்சி கழுவினேன். சமையல் ரூம்ல கோணியை விரிச்சு முட்டி போட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதறேன். "ஆண்டவரே"ன்னு சொன்னேன். சத்தமாவே. அப்புறம் ஒண்ணும் வரல. ஒரு நாளைக்கு ஆறு தரம் கொட்டற வார்த்தை, ஒண்ணுகூட வரல. அடுத்தவங்க வூட்டுல சொன்னா அவங்க கேக்கறாங்க, ம்ம்ம்னு சொல்றாங்க, கண்ணைத் தொடைக்கறாங்க. இங்க கேக்க யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு. அடுப்பு, குடம், புளி மூட்டை. பயமா இருந்துச்சு. நெஜமாவே பயம். நாப்பத்தாறு வயசுல, பைபிளம்மாவா இருந்துக்கிட்டு.

உள்ளருந்து வூட்டுக்காரர் இரும ஆரம்பிச்சாரு. "எஸ்தர், வெந்நி"ன்னாரு. அவரு கூப்பிட்டதுல எனக்கு வந்த நிம்மதி இருக்கே. ஓடினேன்.

இத்தனை நாள் நேரம் இல்ல, நேரம் இல்லன்னு அழுதுக்கிட்டு இருந்தேன். நேரம் இல்லாம இருந்ததுதான் நல்லது போல.

11.3.69, செவ்வாய்

சனி, ஞாயிறு, திங்கள். மூணு நாளும் எழுந்தேன். மூணு நாளும் அதேதான். ஞாயித்துக்கிழமை முட்டி போட்டுக்கிட்டே புளியில கொட்டை எடுத்தேன், கை சும்மா இருக்க மாட்டேங்குது. இன்னிக்கு அலாரத்தைத் தலைகாணிக்கு அடியில அமுக்கிட்டேன்.

மகள் கடுதாசி. சேலத்துல டிரெய்னிங் ஸ்கூல்ல எல்லாம் சௌக்கியமாம். பரீட்சை வருதாம். "அம்மா, எனக்காக ஜெபிச்சுக்கோங்க"ன்னு எழுதியிருக்கா. எல்லாக் கடுதாசியிலயும் எழுதுவா. நானும் "ஜெபிக்கிறேன்"னு எழுதுவேன், சௌக்கியம் சௌக்கியமறிய ஆவல் மாதிரி.

13.3.69, வியாழன்

மாவு அரைக்கையில சூ.அம்மா வூட்டுக்கே வந்துட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாற்காலி ஒண்ணுதான், அதுல வூட்டுக்காரர். எழுந்து நின்னுட்டாரு. "உக்காருங்க ஐயா, நான் நிக்கேன், சேலம் பஸ்ஸுக்குப் போகணும்"னாங்க.

விஷயம் இது. மேலேருந்து கடிதம் வந்திருக்கு, ஆறு பேருல ஒருத்தரைக் குறைக்கணுமாம். கமிட்டி நாளைக்கு. யாரைன்னு அவங்களைத்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன் எஸ்தர். யாரையும் அனுப்ப மனசு வரல. ஆனா ஒருத்தர் போய்த்தான் ஆகணும்னா... ஜெபமே இல்லாம ஊழியம் பண்ணுதாங்க, அதை வாய்விட்டும் சொல்லுதாங்க. மத்தவங்களுக்கு அது எப்படி இருக்கும்? சாராவை உங்களுக்கு நல்லாத் தெரியும். நீங்க சொல்லுங்க. நீங்க ஜெபிக்கிற ஆளு, உங்க வார்த்தையை நான் நம்புதேன்."

மாவுக் கையோட நின்னேன். சொல்லியிருக்கணும். அம்மா, அந்தக் கட்டத்துல நெஜம் எழுதினது அவங்க ஒருத்தங்கதான்னு. இவ்வளவுதான் வார்த்தை. பத்து வார்த்தைகூட இல்ல. வாய் வரைக்கும் வந்துச்சு. வூட்டுக்காரரைப் பாத்தேன். செவுத்தைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டிருந்தாரு. இந்தக் குவார்ட்டர்ஸ் என் வேலைக்காகக் குடுத்தது.

சொன்னது இது: "வயசாயிடுச்சுங்கம்மா அவங்களுக்கு. காலும் முடியல."

"அதுவும் சரிதான்"னாங்க. மணி பாத்தாங்க. போய்ட்டாங்க.

மாவு புளிச்சு வழிஞ்சுது சாயங்காலம். அப்படியே கெடக்கட்டும்னு வுட்டுட்டேன்.

14.3.69, வெள்ளி

மத்தியானம் வூட்டுக்காரரை நானே கேட்டேன், சொல்லியிருக்கணும் இல்லன்னு. அவருக்கு எல்லாம் தெரியும். ஒரே வூட்ல இருக்கறவருக்குத் தெரியாதா நான் எப்ப எழுந்திரிக்கிறேன்னு.

"சொல்லியிருந்தா?"

"சாராக்கா இருந்திருப்பாங்க."

"நாம?"

"தெரியல."

"அப்புறம் என்ன கேள்வி. ஆணியோட அந்தம்மா எத்தனை நாள் நடக்கும்? விடு"ன்னாரு. விடுன்னு சொன்னாரே தவிர சோத்தைப் பாதியில வச்சுட்டாரு.

பைபிள்ல சீஷன் ஒருத்தரு பயந்துக்கிட்டு ஆண்டவரைத் தெரியாதுன்னு சொன்னதும் சேவல் கூவுற பகுதி ஞாபகம் வந்துச்சு. லெந்து காலம் வேற. கண்ணு கலங்கிடுச்சு. கலங்கினபடியே, இதைப் பேச்சுல சேத்தா நல்லா இருக்குமேன்னு ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சேன். குறிச்சு முடிச்சப்புறம்தான் உறைச்சுது. சீ. என்ன ஜென்மம் நான்.

19.3.69, புதன்

ஆஸ்டல்ல ரெண்டு புள்ளைக்கு அம்மை. வேப்பிலை, தனி ரூம், கஞ்சி. மத்ததுங்களுக்குக் காச்சல் இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தது. கை எல்லாம் வேப்பிலை நாத்தம்.

பேச்சு தயார் பண்ணேன், அம்மை ரூம் வாசப்படியில உக்காந்து. குறிப்பு:
– பல்லு வெளக்கறதுக்கு முந்தி அஞ்சு நிமிஷம்
– அடுப்பு ஊதும்போது ஒரு வசனம்
– ஆண்டவர் வூட்டுக்கு வந்தப்ப சமையல் கட்டுலயே நின்ன அக்கா, அவரு காலடியில உக்காந்த தங்கச்சி
– நேரம் கெடைக்காது, நாமதான் எடுக்கணும்
– சொந்த அனுபவம் (என்ன சொல்ல?)

அந்த அக்கா தங்கச்சி கதையில எனக்கு எப்பவுமே அக்கா பக்கம்தான். அத்தனை பேரு வந்திருக்காங்க, சோறு யாரு போடுவாங்களாம்? ஆனா பேச்சுல தங்கச்சி பக்கம்தான் பேசணும்.

கமிட்டி முடிவு என்னன்னு ஒண்ணும் தெரியல. கேக்கவும் பயம்.

22.3.69, சனி

கூடுகை. பந்தல்ல இருநூறு பேருக்கு மேல. அரூர்லருந்து ஒரு பஸ் புடிச்சு வந்திருந்தாங்க. புழுக்கம். கொழந்தைங்க அழுகை.

நான் பேசினது நல்லா இருந்துச்சாம். என் வாயால சொல்லக்கூடாது, ஆனா நல்லாத்தான் இருந்துச்சு. சொந்த அனுபவத்துக்கு வந்தப்ப நாலரை மணியைப் பத்திச் சொன்னேன். விடியாத நேரம், வூடு முழுக்க அமைதி, கோணி விரிச்சு முட்டி போடறது, எல்லாம் சொன்னேன். அந்த அமைதியில ஆண்டவர் பக்கத்துல வந்து நிக்கற மாதிரி இருக்கும்னு சொன்னேன். கோணியும் அமைதியும் நெஜம். மூணாவது பொய். எங்க நெஜம் முடிஞ்சு எங்க பொய் ஆரம்பிச்சுதுன்னு எனக்கே அந்த நிமிஷம் தெரியல. என் கண்ணுல தண்ணி. பொம்பளைங்க எல்லாம் முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சாங்க. அரூர்க்காரங்க ஒருத்தங்க கையைப் புடிச்சுக்கிட்டு, "அம்மா, நாளையிலருந்து நானும் நாலரைக்கு"ன்னாங்க. ஆறு புள்ளைங்களாம் அவங்களுக்கு. அடப்பாவமே, தூங்கு தாயின்னு சொல்லத் தோணுச்சு.

சாராக்கா ரெண்டாவது வரிசையில காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. அழல. கேட்டுக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான். முடிஞ்சதும் வந்து, "நல்லாப் பேசுன எஸ்தரு. தண்ணி குடி, தொண்டை கட்டிக்கும்"னு சொம்பை நீட்டினாங்க. அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

25.3.69, செவ்வாய்

சாராக்காவுக்குக் கடிதம் போயிடுச்சு. பாலக்கோட்டுலருந்து வந்த தக்காளிக்காரம்மா சொன்னாங்க: "உங்க சாராம்மாவுக்கு வேலை போயிடுச்சாமே? கடுதாசியை எடுத்துக்கிட்டு போஸ்ட் ஆபீஸ் வாசல்லயே உக்காந்திருச்சாம். யாரோ காபி வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்காங்க."

மார்ச் 31 கடைசி நாள். அவங்களுக்குப் புருஷன் இல்ல, புள்ளை இல்ல. தம்பி வூட்ல ஒண்டணும். மதம் மாறினப்ப, இனி வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன தம்பி.

இன்னிக்கு ஒரு வேலையும் ஓடல. அரிசியில ரெண்டு தரம் உப்பு போட்டேன்.

26.3.69, புதன்

போனேன். சொல்லிட்டேன்.

பங்களாவுல சூ.அம்மா அம்மைப் புள்ளைங்களுக்கு டாக்டரை வரவைக்க ஆள் அனுப்பிட்டிருந்தாங்க. அப்புறம் கொத்தனாரு. அப்புறம் ஈஸ்டர் பாட்டுக்கு யாரோ. வராந்தாவுல முக்கால் மணி நேரம் நின்னேன். திரும்பிடலாம்னு ரெண்டு தரம் படி எறங்கினேன். "எஸ்தர், என்ன, சீக்கிரம் சொல்லுங்க"ன்னாங்க.

"அம்மா, அந்தக் கட்டத்துல நான் எழுதினது எல்லாம் பொய்ங்க. நான் ஜெபிக்கறது இல்ல. எட்டு மாசமா. சாராக்கா மட்டுந்தான் நெஜத்தை எழுதினாங்க. அதையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். அவங்க வேலையை அவங்களுக்கே குடுத்துடுங்க. என்னை எடுத்துடுங்க."

ஒரே மூச்சுல சொல்லிட்டேன்.

சூ.அம்மா எழுந்து கதவைச் சாத்தினாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. உக்காந்தாங்க. மேசை மேல இருந்த பேனாவை எடுத்து மூடினாங்க.

"இதை ஏன் அன்னிக்கு சொல்லல?"

"பயங்க."

"கமிட்டியில முடிஞ்சு போச்சு எஸ்தர். மேல எழுதியாச்சு. இப்ப இதைச் சொன்னா சாராவைத் திரும்ப எடுக்க மாட்டாங்க. உங்களையும் அனுப்புவாங்க. ரெண்டு இடம் போகும். அவ்வளவுதான் நடக்கும்."

"அப்ப என்ன செய்யறதுங்க?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். சாராகிட்ட சொல்லவே சொல்லாதீங்க, அந்தம்மா மனசு ஒடஞ்சு போகும். அடுத்த வருஷ நோட்டுல அந்தக் கட்டமே வேண்டாம்னு எழுதிடுதேன்."

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. சாராக்காவோட நாலு ஊரையும் யாராவது பாக்கணுமாம். ஏப்ரல் ஒண்ணுலருந்து செவ்வாயும் வெள்ளியும் நான் போகணுமாம்.

அம்மா, நீங்க எப்பங்க ஜெபிக்கறீங்கன்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவங்க கண்ணுக்குக் கீழ கருவளையம். கேக்கல. வெளிய கொத்தனாரு நின்னுட்டிருந்தாரு.

மனசுல இருந்த பாரம் எறங்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். கொண்டுபோன மூட்டையை அப்படியே தலையில வச்சு அனுப்பிட்டாங்க.

30.3.69, ஞாயிறு

குருத்தோலை ஊர்வலம். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. ரெண்டு புள்ளைங்க மயங்கிச்சு. மோர் கலக்கினது, முப்பது டம்ளர். மத்தியானம் ரெண்டு வூடு, ரெண்டு ஜெபம். சொன்னதுல ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்ல.

31.3.69, திங்கள்

சாராக்கா வந்தாங்க, அதே பத்து மணி பஸ். பங்களாவுல கையெழுத்து போட்டுட்டு நேரா இங்க. படச்சுருள், பாட்டுப் புஸ்தகம், கருப்புக் குடை, எல்லாத்தையும் என் முன்னால வச்சாங்க. ஊரு ஊரா சொல்லிக் குடுத்தாங்க. எந்த வூட்ல நாய் கடிக்கும். எந்த வூட்ல மருமகளைத் தனியா விசாரிக்கணும். ஏரிக்கரை வழியா போனா மைல் கணக்குல மிச்சம். மூணாவது ஊர்ல கண்ணு தெரியாத பெருசு ஒண்ணு இருக்குது, அதுக்கு நகம் வெட்டி வுடணும், வேற யாரும் வெட்ட மாட்டாங்க.

நான் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். இட்லி வச்சேன். ரெண்டு தின்னாங்க.

"எங்க போறீங்கக்கா?"

"தம்பி வூட்டுக்குத்தான். ரெண்டு மாசம் வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கான். அப்புறம் பாக்கலாம்."

இப்ப சொல்லிடணும்னு இருந்துச்சு. சூ.அம்மா சொல்லாதேன்னது எனக்கு ஒரு சாக்காத்தான் இருந்துச்சு. "அக்கா"ன்னேன். இன்னொரு இட்லியை எடுத்து வச்சேன்.

அவங்களே பேசினாங்க. "எஸ்தரு, ஒண்ணு கேக்கணும். வெக்கமாத்தான் இருக்குது." குனிஞ்சு கால் வெரலைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. "எனக்கு உள்ளுக்குள்ள ரொம்ப நாளா வத்திப் போச்சு. மொதமொத ஞானஸ்நானம் எடுத்தப்ப பேசிக்கிட்டே இருப்பேன் அவருகூட. எப்ப வுட்டுச்சுன்னு தெரியல. கேட்டாலும் கேக்க மாட்டாரு இப்ப, பழக்கம் வுட்டுப் போச்சு. அன்னிக்கு நீ பந்தல்ல சொன்னியே, பக்கத்துல வந்து நிக்கறாருன்னு. அதைக் கேட்டதுலருந்து எனக்கு அதே நெனப்பு. உன்கிட்ட வர்றாரு இல்ல? அந்த நாலரை மணிக்கு எம் பேரையும் ஒரு வார்த்தை சேத்துக்க. தம்பி வெரட்டாம இருக்கணும்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

"சரிங்கக்கா"ன்னேன்.

"மறக்காத."

"மறக்க மாட்டேங்கக்கா."

பஸ் ஏத்தி வுட்டேன். ஜன்னல் வழியா கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாங்க. இருபது வருஷப் பழக்கத்துல ஒரு நாள்கூட அப்படிச் செஞ்சதில்ல.

1.4.69, செவ்வாய்

நாலரைக்கு எழுந்தேன். அலாரத்துக்கு முந்தியே. கோணி விரிச்சேன். முட்டி போட்டேன். இன்னிக்கு என்ன கேக்கணும்னு தெளிவாத் தெரியும். ஒரே ஒரு விஷயம், ஒரு வரி.

"ஆண்டவரே, சாராக்கா"ன்னேன்.

அதுக்கு மேல போகல. நான் யாருன்னு சாராக்காவுக்குத்தான் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியுமே.

அஞ்சு மணிக்கு வூட்டுக்காரர் வெந்நி கேட்டாரு. ஏழேகால் பஸ்ல பாலக்கோடு.